சுவரை விட்டு ஒரு சாண்

அம்மாடிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அவளுக்கு முட்டிவலி வழக்கம்போல், எனக்கு வாய் வழக்கம்போல், உன் அறையின் ஈரம் இன்று காலை நாற்பத்தேழு. நீயும் மாப்பிள்ளையும் அங்கே மூச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லாமல் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நேற்றுதான் போனில் அரைமணி நேரம் பேசினோம், அதற்குள் கடிதமா என்று நீ புருவத்தைத் தூக்குவாய். உன் அம்மாவும் அதைத்தான் கேட்டாள், "பேசினதெல்லாம் பத்தலையா, இப்ப எழுத வேற உட்காந்துட்டீங்களா" என்று. போனில் அனுப்ப முடியாத ஒன்று இதில் இருக்கிறது, அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன், நீ சின்ன வயதில் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவாயே அந்த வேலை மட்டும் வேண்டாம். தாள்களைக் கசக்காமல், மடிக்காமல், மேசைமேல் வைத்துப் படி.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூன்று வாரம் லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்றாய், நான் இங்கே அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து போனுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அடுத்த மூச்சில், பக்கத்துத் தெருவில் விடுதியில் அறை சொல்லி வைத்துவிட்டேன், பகலெல்லாம் உங்களோடு இருப்பேன், படுக்க மட்டும் அங்கே போய்விடுகிறேன் என்றாய். நீயே தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்கப்பா, அந்த ரூம்ல படுத்தா எனக்கு மூச்சு வராது, சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றாய். சரிம்மா, உன் சௌகரியம்போல் செய் என்று சொல்லி போனை வைத்தேன், ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷத்துக்கு முன் நீ வந்திருந்தபோது மூன்றாம் நாள் இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் முகத்தில் கவசம் மாட்டிப் படுத்திருந்தாய், அதைப் பயணக் களைப்பு என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். என் வீடு அது, நான் பார்த்துப் பார்த்துக் கட்டியது, அதிலேயே காற்றோட்டமான அறை என்று நினைத்துத்தான் உனக்குக் கொடுத்தேன், அதில் என் மகளுக்கு மூச்சு வராதா என்று இரண்டு நாள் உன் அம்மாவிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் உன்னைப் பொய்யாக்கிக் காட்டுவது என்று கிளம்பினேன். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இந்த வேலை எல்லாம் உன்மேல் உள்ள அக்கறையில் ஆரம்பித்தது என்று உன் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அது நிஜமில்லை, வீம்பில் ஆரம்பித்தது.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மாப்பிள்ளையும் படிப்பார் என்பதால் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் காகிதக் கிடங்கு என் கையில் இருந்தது. காகிதத்தை வாங்கி அடுக்கிக் கொடுப்பதில் என்ன பெரிய வேலை என்று நினைப்பார்கள், காகிதம் சும்மா இருக்காது, அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதிகம் குடித்தால் ஓரம் அலை அலையாக நெளியும், நாலு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது, அட்டைப்படத்தில் இருக்கும் பெண்ணுக்கு உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். ரொம்பக் காய்ந்துவிட்டாலும் வம்புதான், தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும், மடித்த இடத்தில் விரிசல் விடும். அதனால் கிடங்கில் வட்டமாக ஒரு ஈரமானி தொங்கும், காற்றின் ஈரத்தை நூற்றுக்கு இத்தனை என்று முள்ளால் காட்டுவது, அதை நாங்கள் ஈரக் கடிகாரம் என்போம். காலையில் உள்ளே நுழைந்ததும் மணி பார்க்கிறேனோ இல்லையோ அதைப் பார்ப்பேன். இன்னொரு சட்டமும் நான் போட்டது, எந்தக் கட்டும் சுவரைத் தொடக் கூடாது, சுவருக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட வேண்டும், அந்த இடுக்கில் காற்று நடக்க வேண்டும். கையை விரித்து அளந்து பார்ப்பேன், இடிக்கிற கட்டை நகர்த்தச் சொல்லிவிட்டுத்தான் அப்பால் போவேன். அதனால்தான் எனக்கு அங்கே "சாண்" என்று பெயர், முன்னால் சார் என்பார்கள், பின்னால் சாண் வருது என்பார்கள். வேலையை விட்டு வரும்போது அந்த ஈரக் கடிகாரத்தையே கழற்றிப் பளபளவென்று துடைத்து எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள், அதைக் கூடத்தில் வாசலைப் பார்த்து மாட்டி வைத்தேன். எப்போது பார்த்தாலும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று என்று காட்டும். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் எங்கள் வீட்டில் காகிதமே வைக்கலாம் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

அந்தக் கடிகாரத்தைத்தான் உனக்கு எதிரான சாட்சியாகக் கழற்றிக்கொண்டு போய் உன் அறையில் கட்டில் தலைமாட்டில் வைத்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அறுபது. கழற்றி மாட்டியதில் முள் ஆடியிருக்கும் என்று நினைத்தேன். பேப்பர் படித்துவிட்டு வந்தேன், எழுபது. மத்தியானம் எழுபத்தெட்டில் நின்றது. மறுபடி கூடத்துக்குக் கொண்டுபோனேன், இறங்கி ஐம்பத்துமூன்றுக்கு வந்தது, உன் அறைக்குக் கொண்டுவந்தேன், ஏறி எழுபத்தெட்டு. நாலு தடவை இப்படி நடந்தேன், உன் அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடிகாரத்தில் கோளாறில்லை, அது தொங்குகிற இடத்துக் காற்றைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும், கூடத்தைக் கேட்டால் கூடத்தைச் சொல்லும். கிடங்கில் நாலு மூலைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், சொந்த வீட்டில் ஒரு மூலையில் ஆணியடித்து மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

கட்டிலை நகர்த்தினோம். கட்டிலுக்கு அடியில் என்ன இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும், என் முதல் தாள்கள். அச்சகத்தில் ஓடிய ஒவ்வொரு வேலையிலும் வண்ணம் சரியாக உட்கார்ந்து வரும் முதல் தாளை எடுத்து வைத்துக்கொள்வது என் பைத்தியம், பாடப்புத்தகம், மருந்துப் பெட்டி, சோப்பு உறை, தேர்தல் நோட்டீஸ், எதையும் விடவில்லை. பதினெட்டுக் கட்டு, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இடம் போதாமல் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தேன். அதற்குப் பக்கத்தில் உன் துணி அலமாரி, அதுவும் சுவரோடு. கட்டுகளை இழுத்தபோது ஒரு வாடை வந்தது பார், பூட்டி வைத்த டிரங்குப் பெட்டியில் நனைந்த கோணியைப் போட்டதுபோல. சுவரில் கட்டில் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை, கையகலம் இல்லை, ஆளகலம். அலமாரியின் முதுகிலும் அதே. உன் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள், கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், "ஊர்ப் பேப்பரையெல்லாம் சுவத்துலேருந்து ஒரு சாண் தள்ளி வச்சீங்க. நம்ம பொண்ணை மட்டும் சுவத்தோட ஒட்டிப் படுக்க வச்சிட்டீங்க." இத்தனை வருஷத்தில் அவள் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறாள், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறேன். இதை அப்படி விட முடியவில்லை.

உனக்குப் பத்து வயது இருக்கும், ஒரு நாள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில், "அப்பா, சுவரு ஈரமா மணக்குது, மூக்கெல்லாம் அடைக்குது" என்று வந்து நின்றாய். கணக்குப் பரீட்சை அன்றைக்கு. நான் சிரித்துக்கொண்டே, சுவர் வாசனை இருக்கட்டும், கணக்கு வருகிறதா என்று கேட்டேன், நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். அப்புறம் நீ அந்தச் சுவரைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. உனக்கு இளைப்பு வந்தபோதெல்லாம் நாங்கள் செய்ததையும் நினைத்துப் பார்த்தேன், சன்னலைச் சாத்திவிட்டு அறை நடுவில் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து ஆவி நிரப்புவோம், ஆவி மூச்சுக்கு நல்லது என்று. அந்த ஆவி அத்தனையும் போய் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் கோடை விடுமுறையில் கட்டுகளை முன்னால் இழுத்துவிட்டு அந்தச் சுவருக்கு நானே வெள்ளையடிப்பேன், கறை தெரிந்தால் இரண்டு கை கூட. பூசி மெழுகுவது என்று பேச்சுக்குச் சொல்வார்கள், நான் அதைச் சுவரிலேயே செய்து காட்டியிருக்கிறேன். அம்மாடி, நீ சொன்னது நிஜம். நான் கேட்கவில்லை. அதற்காக அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். போனில் இதைச் சொல்லப் பார்த்தேன், இரண்டு தடவை, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

சரி, அழுது புலம்புவதற்கு இல்லை இந்தக் கடிதம், உன் அப்பா எழுந்து என்ன செய்தான் என்பதைக் கேள். முதலில் முதல் தாள்கள் வெளியே போயின. பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்தார், முதல் கட்டைத் தூக்கிப் பார்த்தார், பிரித்து நடுவில் கட்டைவிரலால் அமுக்கினார், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், இதுல பாதி தண்ணி. நனைச்ச பேப்பரை எடை போட மாட்டேன்" என்றார். எடை கூட வேண்டும் என்று தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன். என்னிடம்! உன் அம்மா உள்ளே ஓடிப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அந்த வாரத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கடைசியில் சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சி அனுப்பினேன். ஒரு தாள்கூட வைத்துக்கொள்ளவில்லை, உன் முதல் வகுப்புப் பாடப்புத்தகத்தின் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை, அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மெத்தையையும் தலையணையையும் தூக்கிப் போட்டாயிற்று. அலமாரியின் முதுகுப் பலகையைத் தச்சர் கழற்றிவிட்டுப் புதிதாக அடித்துக் கொடுத்தார்.

அடுத்தது சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்பது உனக்குத் தெரியும். குழாய்க்காரரை அழைத்தேன், இவர் வருவதாகச் சொன்ன நாளில் வராதவர், வந்த நாளில் போகாதவர், உன் அம்மா அவருக்கு "நாளைக்கு" என்று பெயர் வைத்திருக்கிறாள். மூன்று நாளைக்குப் பிறகு "நாளைக்கு" வந்தார். சுவரில் காதை வைத்தார், தட்டினார், பூச்சைக் கொத்தினார், உள்ளே குழாய் வளைகிற முழங்கையில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. "எத்தினி வருசமா கசியுதோ சார், உள்ள இருக்கற செங்கல்லு பூரா ஊறிப்போயிருக்கு" என்றார். குழாயை மாற்றி, ஊறிய பூச்சு முழுவதையும் நெஞ்சு உயரத்துக்கு உரித்துவிட்டு, உடனே பூசிவிடலாம் என்று கரண்டியைக் கையில் எடுத்தவரை நான் தடுத்தேன். செங்கல் காயட்டும் என்றேன். ஒரு வாரம் போதும் என்றார், ஆறு வாரம் ஆனாலும் காயாமல் பூச விடமாட்டேன் என்றேன். காகிதக்காரனிடம் ஈரத்தைப் பற்றிப் பேச முடியுமா? ஐந்து வாரமும் நாலு நாளும் ஆனது. பூஞ்சை துடைக்கிற வேலையை மட்டும் நான் தப்பாக ஆரம்பித்தேன், காய்ந்த துடைப்பத்தை எடுத்துப் பரபரவென்று பெருக்கினேன், அறை முழுக்கக் கறுப்புத் தூள் பறந்தது, எனக்கே இருமல் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி சன்னலைத் திறந்து வைத்து, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே காயவிட்டேன். உன் மாதிரி இளைப்பு இருக்கிறவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது, உன் வீட்டில் எங்காவது கறுப்பு தெரிந்தால் மாப்பிள்ளையைத் துடைக்கச் சொல், நீ வெளியே போய்விடு.

நீ முன்பு பார்த்த நுரையீரல் டாக்டரிடமும் போனேன், நோயாளி இல்லாமல் தனியாக வந்த அப்பாவைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் பூஞ்சையும் மெத்தைத் தூசியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் பெருகாது, முப்பதுக்குக் கீழே போனால் மூக்கும் தொண்டையும் காய்ந்து அதுவே இருமலைக் கிளப்பும், நடுவில் வையுங்கள் என்றார். காகிதத்துக்கு நான் வைத்த கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, உன்னை ஒரு ரீம் காகிதமாகப் பாவித்திருந்தால் போதும், நன்றாக இருந்திருப்பாய். அப்போது நான்தான் காரணமா டாக்டர் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "ஆஸ்துமா அவங்க உடம்புல இருந்தது சார், அந்த ரூம் அதுக்குத் தீனி போட்டிருக்கு. யாரால வந்துச்சுன்னு பாத்து நான் மருந்து எழுதறதில்ல, இனிமே தீனி போடாதீங்க" என்றார். இன்னொன்றும் அழுத்திச் சொன்னார், அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நீ தினமும் இழுக்கிற மருந்தை உன் டாக்டரைக் கேட்காமல் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, ஈரத்தைச் சரிசெய்வது மருந்துக்குத் துணைதான், மாற்று இல்லை. நீ நன்றாக இருக்கிற நாட்களில் மருந்தை மறக்கிறவள் என்று எனக்குத் தெரியும், போட்டுக்கொடுத்தது யார் என்று மாப்பிள்ளையை முறைக்காதே.

இப்போது வீட்டின் நடப்பைச் சொல்கிறேன். குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி மாட்டியாயிற்று, குளித்து முடித்த பிறகும் இருபது நிமிஷம் ஓட வேண்டும் என்பது சட்டம். கொதிக்கிற பாத்திரத்துக்கு மூடி. துவைத்த துணி மொட்டை மாடியில், மழையென்றால் பின்கட்டுக் கூரையடியில், எந்தக் காரணத்துக்காகவும் உன் அறையில் கொடி கட்டக் கூடாது. உன் அம்மாவோடு பெரிய சண்டை சன்னலுக்குத்தான், மழை பெய்தால் காற்று நன்றாக வருகிறது என்று எல்லாவற்றையும் திறந்து வைப்பாள். வெளியே தொண்ணூறு இருக்கிறது, அந்த ஈரத்தை வீட்டுக்குள் விருந்துக்கு அழைக்கிறாயா என்று கேட்டேன். இப்போது வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு மானி, வெளியே குறைவாக இருக்கும்போதுதான் சன்னல் திறக்கும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து எடுக்கிற இயந்திரம் ஒன்றும் வாங்கினேன், ஒரு சின்னப் பீரோ மாதிரி மூலையில் உறுமிக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் அதன் வாளியை இழுத்தபோது மூன்று லிட்டர். அதைத் தூக்கிக்கொண்டு போய் உன் அம்மாவிடம் காட்டினேன், இத்தனையும் நீ இழுத்த காற்றில் மிதந்தது. உன் அம்மா அதை வாங்கிக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றினாள். இப்போது ஒரு டம்ளர்தான் சேருகிறது. நான் மணிக்கொரு தடவை மானியைப் பார்ப்பதும், ஈரம் ஈரம் என்று அவள் பின்னாலேயே சுற்றுவதும் பொறுக்காமல் அன்றைக்குச் சொன்னாள், "வீட்டுல இருக்கற ஈரத்தையெல்லாம் எடுத்துட்டீங்க, நெஞ்சுல மட்டும் கொஞ்சம் மிச்சம் வச்சுக்கோங்க." அவள் நாக்குக்கு எந்த மானியும் கிடையாது.

இனி உன் பக்கம். போன வாரம் வீடியோவில் நீ பேசிக்கொண்டிருந்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, உனக்குப் பின்னால் இருந்த சன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி வியர்த்துக் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் கட்டியிருந்தது, சட்டத்தின் மூலையில் லேசாகக் கறுப்பு. பக்கத்தில் ஆவி விடும் ஒரு வெள்ளை டப்பா. அங்கே குளிருக்குச் சூடு போட்டுப் போட்டுக் காற்று காய்ந்துவிடும், மூக்கில் ரத்தம் வருகிறது என்று அதை வாங்கியதாகச் சொன்னாய், அது நியாயம்தான், ஆனால் அளக்காமல் ஆவி விட்டால் நாங்கள் அன்றைக்குப் பாத்திரத்தில் செய்ததைத்தான் நீ இன்றைக்கு மின்சாரத்தில் செய்கிறாய். ஒரு மானி வாங்கு, அதைக் கூடத்தில் மாட்டிப் பெருமையடிக்காதே, நீ படுக்கிற இடத்தில் வை. நாற்பதைத் தொட்டதும் டப்பாவை நிறுத்து. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவை, உப்பு நீக்கிய தண்ணீரை ஊற்று, இல்லாவிட்டால் அந்த உப்பு வெள்ளைத் தூளாகக் காற்றில் கலந்துவிடும். கண்ணாடி வியர்த்தால் துணியால் துடை. துணியை அறையைச் சூடாக்குகிற கம்பிமேல் போட்டுக் காயவைக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அதையும் பார்த்துவிட்டேன். உன் கட்டில், அலமாரி, சோபா மூன்றையும் மாப்பிள்ளையை விட்டு இன்றைக்கே நகர்த்தச் சொல், அவர் கை நீளம், அவர் சாணே போதும்.

இப்போது கடைசி விஷயம். சுவர் காய்ந்து, பூசி, வண்ணம் அடித்து, அந்த வாடையும் போய், அறை முடிந்ததும் ஈரக் கடிகாரம் நாற்பத்தேழு காட்டியது, புதிய மானியும் அதையே சொன்னது. வெளியே அடைமழை, எண்பத்தைந்து. எல்லாம் சரிதான், ஆனால் ஒரு தடவை ஏமாந்தவன் நான், முள்ளை மட்டும் நம்ப மனம் வரவில்லை. கிடங்கில் எனக்குச் சந்தேகம் வந்தால் ஒன்று செய்வேன், புதுக் கட்டைப் பிரித்துச் சில தாள்களை எடுத்துத் திறந்தவாக்கில் போட்டுவிடுவேன், காற்றில் ஈரம் இருந்தால் ஓரம் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. உன் கட்டிலை அதே சுவர்ப் பக்கம்தான் போட்டிருக்கிறேன், தலையணை இருக்கிற இடத்தில் பன்னிரண்டு வெள்ளைத் தாள்களைப் பரப்பி வைத்தேன். ஒன்பது நாள், ஒன்பது நாளும் மழை. அந்தத் தாள்களில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார், விரலால் தடவிப் பார். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து பிளாஸ்டிக்கில் ஒட்டி அனுப்புகிறேன், அப்படியும் வழியில் நெளிந்திருந்தால் அது தபால்காரர் செய்த வேலை, உன் அறை செய்தது இல்லை. இதைத்தான் போனில் அனுப்ப முடியாது என்றேன்.

விடுதி அறையை நீ விட வேண்டாம். அதை விடு என்று கேட்கத்தான் இத்தனையும் எழுதுகிறேன் என்று நினைத்திருப்பாய், நானும் முதலில் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன், எழுத எழுத மாற்றிக்கொண்டேன். அறை அங்கே இருக்கட்டும், பெட்டியும் அங்கேயே இருக்கட்டும். வந்த பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, உன் அறைக் கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்துப் பார். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து வந்து மூச்சு எப்படி இருந்தது என்று சொல். கடிகாரம் நாற்பத்தேழு என்று காட்டட்டும், தாள் நெளியாமல் கிடக்கட்டும், நீ சுவர் மணக்கிறது என்றால் மணக்கிறது, மறுபடியும் சுவரை உடைப்பேன். நன்றாக இருக்கிறது என்றால் அன்றைக்கு அங்கேயே படு, இல்லையென்றால் நானே உன்னை விடுதி வாசல்வரை கொண்டுவந்து விடுகிறேன், முகம் சுளிக்க மாட்டேன். என் கணிப்பில் நீ படுப்பாய். என் கணிப்பு இந்த வீட்டில் ஒரு தடவைதான் தப்பியிருக்கிறது, அது இருபது வருஷம் நீடித்துவிட்டது, அவ்வளவுதான்.

உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, புதுத் தலையணைக்கும் மெத்தைக்கும் தூசி புகாத உறை போட்டுவிட்டதாகவும், போர்வையை வாரம் ஒரு தடவை வெந்நீரில் துவைப்பதாகவும், நீ இளைத்திருக்கிறாய் என்று வீடியோவில் பார்த்தே தெரிவதாகவும் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும், அதைவிட முக்கியமாக நீண்ட மூச்சோடும், ஒருவர் சொல்வதை ஒருவர் முதல் தடவையே காதில் வாங்குகிறவர்களாகவும் இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். காலை மருந்தையும் இரவு மருந்தையும் மறக்காதே, இழுத்த பிறகு வாயைக் கொப்பளி. நீ விமானம் இறங்கி ரயிலேறி வருகிற அன்று ரயிலடிக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம்.

உன் கட்டில் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. என் சாண் வயதில் சுருங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்து, உன் அம்மாவின் சாணையும் சேர்த்து வைத்து அளந்தேன்.

என்றும் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டு,
அப்பா